கச்சால் சொர்ணம்மாவுக்கு ஏற்றிய பாஷாணம்

சொர்ணம்மாவின் வாய் எப்போதும் சிவந்தே இருக்கும். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டச் சேர்ந்த பதினெட்டு வயதிலிருந்து அப்படித்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகும்போது ஒரு வெற்றிலை, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பும்போது ஒரு வெற்றிலை, நடுவில் எத்தனை என்று அவளுக்கே தெரியாது. அவள் அம்மா அப்படி, அம்மாவின் தங்கைகள் மூன்று பேரும் அப்படி, மாமியாராகி வந்த சொந்த அத்தையும் அப்படி. இலங்கை மலைத்தோட்டத்தில் குளிருக்கு என்று தொடங்கிய பழக்கம், கப்பலேறி இந்தத் தீவுக்கும் கூடவே வந்துவிட்டது.

அதனால்தான் ஐம்பத்திரண்டாம் வயதில், ஓர் ஆனி மாதத்தில், அவள் துப்பிய எச்சிலில் ரத்தமும் கலந்திருந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவளும் கண்டுகொள்ளவில்லை.

தொடையில் நீலநீலமாகத் தடம் விழுந்தது. வாளி இடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று நினைத்தாள். புருஷன் முனியாண்டிதான் பிடித்து இழுக்காத குறையாக அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். கம்பவுண்டர் அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"பல் ஈறுல ரத்தம் ஏதும் வருதா?"

"வெத்திலை போடுற வாய்ங்க பாபு. அதுல ரத்தத்தை எங்க போய்த் தேடுறது?" என்று சிரித்தாள்.

"ஒடம்புல எங்கயாச்சும் நீலம் கட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்லீங்க."

ஆண்பிள்ளை கம்பவுண்டரிடம் தொடையைக் காட்டுவதாவது என்று அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டாள். அவர் சத்து மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அந்த இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லியிருந்தால் எட்டு நாள் மிஞ்சியிருக்கும்.

ஒன்பதாம் நாள் மழை விட்டிருந்தது. பால் வெட்டும்போது கத்தி வழுக்கிக் கட்டைவிரலில் சின்னதாக ஒரு கீறல். சுண்ணாம்பை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பத்து மணிக்கும் சொட்டியது. காப்பித்தூளை வைத்துத் துணியால் கட்டினாள். பிற்பகல் மூன்று மணிக்கு முனியாண்டி வந்து பார்த்தபோது மூன்றாவது துணியும் நனைந்திருந்தது.

"என்ன புள்ள, இன்னுமா நிக்கல?"

"நிக்கும் மாமா. நகக்கண்ணு அளவு வெட்டு."

அத்தை மகன்தான் புருஷன் என்பதால் கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் 'மாமா' போகவில்லை. வாய் கொப்பளித்துத் துப்பினாள். காலையில் வெட்டுப்பட்டதிலிருந்து கை கட்டுப்பட்டுக் கிடந்ததால் அதன்பின் ஒரு வெற்றிலைகூட அவள் மடிக்கவில்லை. ஆனாலும் வாசல் மண்ணில் விழுந்தது சிவப்பாகத்தான் விழுந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முனியாண்டி சட்டையை எடுத்து மாட்டினார்.

மறுநாள் போர்ட் பிளேருக்குப் போகும் ஹெலிகாப்டரில் நோயாளிக்கு என்று இடம் கிடைத்தது. கப்பலில் போவதென்றால் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது என்று சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பயத்தில் முனியாண்டிக்கு வாய் சும்மா இருக்காது. "அறுபது வயசுல என்னை ஹெலியில ஏத்திட்டியே. இதுக்குத்தான் இத்தனை நாடகமா?" என்றார். சொர்ணம்மா ரத்தம் கசிந்த மூக்கில் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே அவரை அடக்கினாள்.

போர்ட் பிளேரில் மகள் திவ்யா இருந்தாள். டெலானிபூரில் ஒரு துணிக்கடையில் வேலை, டெய்ரி ஃபார்ம் பகுதியில் வாடகை அறை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. தாய்க்கும் மகளுக்கும் பேச நேரமில்லை. ரத்தம் எடுத்தார்கள், எடுத்த இடத்திலும் ரத்தம் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் டாக்டர் விஜயகுமாரி கையில் ஒரு தாளோடு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு ஒண்ணரை லட்சம் இருக்கணும். உங்களுக்கு ஒன்பதாயிரம்தான் இருக்கு. இது ரத்தப் புற்றுநோய்ல ஒரு அபூர்வமான வகை. நூறு பேருக்கு ரத்தப் புற்று வந்தா அதுல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரலாம். ரத்தத்தைக் கண்ணாடியில வச்சுப் பார்த்தேன், அதுதான்னு நினைக்கிறேன்."

திவ்யா அழத் தொடங்கினாள். டாக்டர் அவளைக் கைகாட்டி நிறுத்தினார்.

"முழுசாக் கேளு. இந்த நோய் ஆளைக் கொல்றதுன்னா முதல் பத்துப் பதினஞ்சு நாள்லதான் கொல்லும். மூளையில ரத்தம் கசிஞ்சுடும். அதைத் தாண்டிட்டா, ரத்தப் புற்றுலேயே நல்லாக் குணமாகிற வகை இதுதான். அதனால உறுதியாகிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இன்னைக்கே ஒரு கேப்சூல் ஆரம்பிக்கணும்."

"ஆரம்பிங்க மேடம்."

"இங்க இல்லையே. மெயின்லேண்ட்லேர்ந்து வரணும்."

தீவுக்காரர்களுக்கு இது புதிதில்லை. அவசரச் சாமான் என்றால் கூரியரை யார் நம்புவார்கள்? நாளை விமானத்தில் யார் வருகிறார்கள் என்று விசாரித்து, அவர் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். டாக்டர் சென்னையில் தம்மோடு படித்தவரிடம் பேசினார். திவ்யா தன் கடைக்காரர், அவர் மச்சான், மச்சானின் கூட்டாளி என்று ஆறு பேரிடம் பேசினாள். சாயங்காலத்துக்குள் ஆள் கிடைத்துவிட்டார். போர்ட் பிளேர் மின்னி பே பகுதியில் வீடுள்ள கான்ட்ராக்டர் கிருஷ்ணமூர்த்தி, இவர்களில் ஒருவருக்கும் முன்பின் தெரியாதவர், மறுநாள் காலை விமானத்தில் வருகிறார்.

அன்று முழுக்க சொர்ணம்மாவுக்கு யார் யாருடைய தட்டணுவோ ஏறியது. மஞ்சள் தண்ணீர்போலப் பை பையாக வந்தது. இரண்டு மணிக்கு ஒருதரம் நர்ஸ் வந்து, தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா என்று கேட்டாள். மறுநாள் காலையில் இடது கண்ணில் ஒரு சிவப்புப் புள்ளி மிதப்பதை சொர்ணம்மா கண்டாள். சொல்லாமல் விடத்தான் நாக்கு போனது. சொன்னால் திவ்யா இன்னும் பயப்படுவாள். பிறகு கம்பவுண்டரிடம் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

"கண்ணுல சேப்பா ஒண்ணு ஓடுதுங்க" என்றாள்.

நர்ஸ் நடந்து வந்தவள் ஓடிப் போனாள். டாக்டர் வந்து பார்த்து, இன்னும் தட்டணு ஏற்றச் சொன்னார்.

திவ்யா விமான நிலையத்தில் நின்றிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பத்தரை மணிக்கு சொர்ணம்மாவின் கட்டிலுக்கு மேலே, மேகத்துக்குள் விமானச் சத்தம் கேட்டது. முனியாண்டி ஜன்னலுக்கு ஓடினார். சத்தம் வளைந்து போய்த் திரும்ப வந்தது. இன்னொரு சுற்றும் கேட்டது. பிறகு சத்தம் மெலிந்து, கடல் பக்கமாகப் போய்க் கரைந்துவிட்டது.

"எறங்கிடுச்சா?" என்று கேட்டாள் சொர்ணம்மா.

முனியாண்டி ஜன்னல் கம்பியை விடவில்லை. தீவில் இருப்பவனுக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். மழையில் ஓடுபாதை தெரியாமல் விமானம் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டது.

மூன்று மணி நேரம் கழித்துத் திவ்யாவின் போனுக்குக் கிருஷ்ணமூர்த்தி கூப்பிட்டார். "பொண்ணே, எங்க கிளம்பினேனோ அங்கேயே வந்து நிக்கிறேன். மாத்திரை என் சட்டைப் பையிலதான் இருக்கு, பெட்டியில கூடப் போடல. நாளைக்கு விடியக்காலை முதல் விமானத்துல சீட்டு கேட்டிருக்கேன். அம்மாகிட்ட சொல்லு, ஒரே ஒரு நாள்."

அந்த ஒரு நாளை சொர்ணம்மா மணி மணியாக அனுபவித்தாள். இருமக் கூடாது, முக்கக் கூடாது, பல் தேய்க்கக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. தலைக்குள் ஏதாவது வெடிக்கிறதா என்று தன் தலையையே காது கொடுத்துக் கேட்டபடி கிடந்தாள். திவ்யாவின் கல்யாணம், கச்சாலில் கட்டிப் போட்டுவிட்டு வந்த ஆடுகள், எதை நினைத்தாலும் பாதியில் அறுந்து, நாளைக்கு மழை பெய்யுமா என்பதிலேயே வந்து நின்றது.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக வார்டுக்கு வந்துவிட்டார். தொப்பையும் வேர்வையுமாகக் கட்டிலோரம் நின்று, "முழுங்கும்மா, பார்த்துட்டுப் போறேன்" என்றார். முதல் வேளைக்கான நாலு கேப்சூலையும் அவள் விழுங்கிய பிறகுதான் பெட்டியை எடுத்தார்.

இரண்டு நாளில் விரல் காயம் காய்ந்தது. மூக்கில் வந்த ரத்தமும் நின்றது. சென்னைக்கு அனுப்பிய ரத்தத்தின் பதில் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்ட அதே நோய்தான். அடுத்து ஒரு ஊசி மருந்து வேண்டும், அது தினமும் இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறவேண்டும். விமானத்தில் ஏற்றி அனுப்புகிற நிலையில் அவள் இல்லாததால் மருந்தை இங்கேயே வரவழைத்தார்கள். இதயத் துடிப்பைப் படம் எடுக்கக் கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் நர்ஸிடம், "ஆர்சனிக் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

சொர்ணம்மாவுக்கு இங்கிலீஷில் தெரிந்த வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இந்த வார்த்தை ஏழு வயதிலிருந்து தெரியும்.

இலங்கை மலைத்தோட்டத்தில் புல்லை அழிக்க ஒரு மருந்து அடிப்பார்கள். கங்காணி அதை 'ஆசனிக்கு' என்பார். மருந்து தீர்ந்த தகரங்களைப் புதைக்க வேண்டும் என்பது தோட்டத்துக் கட்டளை. தண்ணீர் பிடிக்கப் பாத்திரமில்லாத லயத்து வரிசை வீடுகளில் நல்ல தகரத்தை யார் புதைப்பார்கள்? அம்மாவின் கடைசித் தங்கை செல்லம், கல்யாணமாகி ஐந்து மாதம், ஒரு தகரத்தை எடுத்து வந்து சாம்பல் போட்டு மூன்று முறை துலக்கினாள். மணலும் போட்டுத் தேய்த்தாள். அதில் தண்ணீர் பிடித்துத் தேத்தண்ணி வைத்துக் குடித்தாள். பகல் முழுக்க வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வேலை விட்டு அவள் புருஷன் வரும்போது பேச்சு நின்றிருந்தது. சொர்ணம்மா அதை வாசற்படியில் நின்று பார்த்தவள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த மருந்தின் பெயரைச் சொன்னதில்லை.

"எனக்கு அது வேணாம்" என்று சொல்லி, மார்பில் ஒட்டியிருந்த கம்பிகளைப் பிய்த்தாள்.

"அம்மா, க்யா ஹுவா?" பதறினால் திவ்யாவுக்கு ஹிந்திதான் முதலில் வரும். "என்னம்மா பண்றீங்க?"

"டாக்டரம்மா, இது புல்லுக்கு அடிக்கிற மருந்துதானே?"

விஜயகுமாரி பிய்ந்த கம்பிகளை எடுத்து ஓரமாக வைத்தார். "ஆமா. அதே சாமான்தான். பாஷாணம்."

"மேடம், அவங்ககிட்டப் போய்..."

"கேட்டா உண்மையைத்தான் சொல்லணும், திவ்யா. கையெழுத்துப் போடப் போறது அவங்க." டாக்டர் நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். செல்லத்தின் கதையைச் சொர்ணம்மா சொல்லச் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்டார். "கேப்சூல் மட்டும் போட்டா நோய் பதுங்கும், சில மாசத்துல திரும்பி வரும். ரெண்டும் சேர்ந்தா பத்துல ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. வேற மருந்தும் இருக்கு, ஆனா அது இருக்கிற தட்டணுவையும் அடிச்சுடும். உங்களுக்கு அதைத் தர எனக்குத் தைரியமில்ல."

முனியாண்டி தொண்டையைச் செருமினார். "வேணாம்னா வேணாம் புள்ள. ஊருக்குப் போயிடலாம்."

"ஊருக்குப் போய்? சாகிறதுக்கு எதுக்கு மாமா இன்னொரு ஹெலி? அதை இங்கேயே செய்யலாமே." அவர் பேச்சை வெட்டிவிட்டு டாக்டரிடம் திரும்பினாள். "ஒரு நாளைக்கு எம்புட்டு ஏத்துவீங்க?"

"ஒரு அரிசியில பாதி எடைகூட இருக்காது."

"யாரு அளக்குறது?"

இப்படி ஒரு கேள்வியை எந்த நோயாளியும் டாக்டரிடம் கேட்டிருக்க மாட்டார். சொர்ணம்மா சும்மா கேட்கவில்லை. ரப்பர் பால் உறைய ஆசிட் விடவேண்டும். குறைந்தால் பால் உறையாது. கூடினால் உறைந்த ரப்பர் ஷீட் முறுக்கிக் கெட்டுப்போகும். தவறிக் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். தோட்டத்து ஷெட்டில் அந்தப் பாட்டிலை அவளைத் தவிர ஒருவரும் தொடக் கூடாது. தான் வேலைக்கு வராத நாளென்றால் முதல்நாளே அதைப் பூட்டிவிட்டு வருவாள். எரிக்கிற சாமானும் அளவோடு போனால் வேலை செய்யும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளப்பவர் யார் என்பதில்தான் அவளுக்குச் சந்தேகம்.

"ஸ்டாஃப் நர்ஸ் அளப்பாங்க. நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன்."

"தினமுமா?"

"தினமும்."

"என் கண்ணுக்கு முன்னாடி அளக்கணும். இல்லாட்டி வேணாம்."

அப்படித்தான் நடந்தது. தினம் காலை பத்து மணிக்குச் சின்னக் குப்பியும் ஊசிக்குழலும் கட்டிலருகே வரும். நர்ஸ் குழலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிப்பாள், டாக்டர் பார்ப்பார், சொர்ணம்மாவும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோட்டைப் பார்ப்பாள். வங்காளி நர்ஸுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. "தீதி, டீக் ஹை?" என்று அளவு சரிதானா எனக் கேட்டுவிட்டுத்தான் பைக்குள் செலுத்துவாள்.

நான்காம் நாள் மருந்து பாதி ஏறியிருந்தபோது சொர்ணம்மாவுக்கு மூச்சு திணறியது. உடம்பு அனலாகக் கொதித்தது. காலையிலிருந்தே கால் வீங்கியிருந்தது. யாரோ நெஞ்சின் மேல் மூட்டையை இறக்கியதுபோல, இழுத்த காற்று உள்ளே போகாமல் தொண்டையிலேயே நின்றது. முனியாண்டி பார்த்தார். அவருக்குச் செல்லம் அத்தை முறை. அந்தச் சாவை அவரும் கேட்டு வளர்ந்தவர். பாய்ந்து வந்து குழாயைப் பிடித்துக்கொண்டார்.

"கழட்டுங்க! யே தவா மார் டாலேகா! இந்த மருந்து கொன்னுடும், கழட்டுங்க!"

நர்ஸ் ஒரு கையைப் பிடிக்க, திவ்யா ஒரு கையைப் பிடிக்க, டாக்டர் ஓடி வந்தார். சொட்டு மருந்தை அவரே மூடினார். கேப்சூலையும் நிறுத்தச் சொன்னார். வேறொரு ஊசி போட்டு, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, பிறகுதான் முனியாண்டியின் பக்கம் திரும்பினார்.

"விஷம் ஏறினதுனால இல்லண்ணே. கெட்ட அணுக்கள் செத்து விழறதில்ல, இந்த மருந்துல முதிர்ந்து நல்ல அணுவா மாறுது. கூட்டமா மாறும்போது நுரையீரல்ல போய் அடைக்குது. சிலருக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான், உடம்புல நீர் சேருதான்னு தினமும் எடை பார்த்தேன். அடைப்பு குறையட்டும். குறைஞ்சதும் திரும்ப ஆரம்பிக்கணும்."

"திரும்பவா?" என்றார் முனியாண்டி. "ஒரு பொம்பளையை எத்தனை தரம்மா சாகடிப்பீங்க?"

டாக்டர் ஆக்சிஜன் அளவைப் பார்க்கத் திரும்பினார்.

மூன்று நாள் மூச்சு இழுத்தது. அந்த மூன்று நாளும் கச்சாலிலிருந்து போன் வந்தபடி இருந்தது. கொழுந்தன், நாத்தனார், கங்காணி வீட்டு மருமகள்வரை எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: அந்த மருந்து வேண்டாம், ஆளை அழைத்து வந்துவிடுங்கள். திவ்யா போனை எடுப்பதையே விட்டுவிட்டாள். சொர்ணம்மா ஆக்சிஜனுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். செல்லத்துக்கு வாந்தி ஒரு நொடி விடவில்லை. நேரமாக ஆக மோசமானாள். தனக்கோ, மருந்தை மூடிய மறுநாளே மூச்சு உள்ளே ஒரு விரற்கடை இறங்கியது, அடுத்த நாள் இன்னொரு விரற்கடை. விரலைப் பார்த்தாள், கீறல் இருந்த இடத்தில் புதுத்தோல் மூடியிருந்தது. இந்த இரண்டையும் படுத்தபடியே திருப்பித் திருப்பி யோசித்தாள். சாவு பயம் அவளை விட்டுப் போய்விடவில்லை. பயத்தோடுதான் யோசித்தாள்.

நான்காம் நாள் காலை மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பத்து மணிக்குக் குப்பி வரவில்லை. டாக்டர் மட்டும் வந்து, முனியாண்டியையும் சொர்ணம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன்" என்றார்.

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க அந்தக் குப்பி?" என்றாள் சொர்ணம்மா. "நேரமாவுதுல்ல? ஏத்துங்க."

அளந்தார்கள். கோட்டைப் பார்த்தாள். மருந்து ஏறிய இரண்டு மணி நேரமும் முனியாண்டி அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் கேட்கவில்லை. அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. இருபது நாளில் தட்டணு ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஒன்றரை மாதம் கழித்து இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். அதன் பதில் வர ஆறு நாளாயிற்று. அந்த ஆறு நாளும் சொர்ணம்மா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

ஏழாம் நாள் விஜயகுமாரி வார்டு வாசலில் நுழையும்போதே தாளைத் தூக்கிக் காட்டினார். "சுத்தமா இருக்கு. ஒரு கெட்ட அணுகூட இல்லை."

திவ்யா அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இதோட முடியல," என்று டாக்டர் உடனே எச்சரித்தார். "இன்னும் ஏழெட்டு மாசம் விட்டு விட்டு ஏத்தணும். ஒரு நாளும் தவறக் கூடாது. திரும்ப வராதுன்னு இப்பவே சத்தியம் பண்ணித் தர மாட்டேன்."

"வரட்டும், பார்த்துக்கலாம்" என்ற சொர்ணம்மா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வராந்தாவில் முனியாண்டி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். போகிற வருகிற ஆட்கள் யார் வீட்டுச் சாவோ என்று ஒதுங்கிப் போனார்கள்.

"மாமா, எந்திரிங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "இங்க நான் உசிரோட குந்தியிருக்கேன், அங்க என்ன எழவு கொட்டுறீங்க? ஜனங்க பார்க்குறாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் சத்தமாக அழுதார்.